இன்னும் 14 மாசம்தான் இருக்காம்!

போன வாரம் ஒரு மத்தியானம். பையன் அப்பதான் கண்ண மூடியிருக்கான். நான் ரசம் ஊத்தி முதல் வாய் எடுக்கறேன். போன்.

(சின்னப் பிள்ளை இருக்கற வீட்டுக்கு மத்தியானம் 2 மணிக்கு போன் பண்றவங்களுக்குன்னு தனியா ஒரு நரகம் இருக்கணும். கும்பிபாகத்துக்கு அடுத்த தெருவுல.)

“மேடம், குழந்தைக்கு என்ன வயசு?”

“22 மாசம்.”

“மேடம்! 3 வயசுக்குள்ள மூளை 80 பர்சென்ட் வளர்ந்துடும். உங்களுக்கு இன்னும் 14 மாசம்தான் இருக்கு. என்னென்ன ஆக்டிவிட்டி பண்ண வைக்கறீங்க?”

ரேஷன் கார்டுல கைரேகை வைக்க கடைசி தேதி சொல்ற மாதிரியே சொல்லுது அந்தப் பொண்ணு.

என்னத்தைச் சொல்றது? அன்னிக்குக் காலைல இருந்து அவன் பண்ண ஆக்டிவிட்டி: என் செருப்ப எடுத்துட்டுப் போய் துளசித் தொட்டியில வெச்சான். அத்தையோட மூக்குக்கண்ணாடிய பிரிட்ஜுக்கு அடியில தள்ளினான். பருப்பு டப்பாவத் திறந்தான், மூடினான், திறந்தான், மூடினான். இதுக்கெல்லாம் யாரும் சர்டிபிகேட் தர மாட்டாங்க இல்ல?

அவங்க விக்கறது ஒரு கிட். மாசா மாசம் வீட்டுக்கு வரும். ஃப்ளாஷ் கார்டு, மரப் பசில், ஒட்டற ஷீட். விலை கேட்டேன். எங்க வீட்டு பால் கணக்கும் கரண்ட் பில்லும் சேர்ந்தா வர்ற தொகை. “யோசிச்சுச் சொல்றேங்க”ன்னு வெச்சுட்டேன். ரசம் ஆறிப்போச்சு. பையன் எழுந்துட்டான்.

அந்த 80 கணக்கு முழுப் புருடா இல்லங்க, அதையும் சொல்லிடறேன். பெரியவங்க மூளை அளவுல கிட்டத்தட்ட 80 சதவீதம் 3 வயசுக்குள்ள வந்துடும்னு டாக்டருங்களே சொல்றாங்க. ஆனா அது சைஸ். கத்துக்கறதுக்குக் கதவு சாத்தற நேரம் கிடையாது. ஆரம்ப வருஷங்கள் முக்கியம்தான், யாரு இல்லன்னா? அந்த முக்கியத்துக்கும் ஃப்ளாஷ் கார்டுக்கும் என்ன சம்பந்தம்னுதான் எனக்குப் புரியல.

சரி, கோவத்துல ஒரு பதிவு எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். குமணன்சாவடியில, முதல் மாடி வாடகை வீட்டுல, நாங்க என்ன பண்றோம்னு.

முதல்ல தண்ணி.

இதுக்கு மேல ஒரு பொம்மை உலகத்துல கிடையாது. பின்பக்கம் பாத்திரம் கழுவற இடத்துல ஒரு பெரிய தாம்பாளம், ரெண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு சொம்பு, ஒரு புனல், பழைய டீ வடிகட்டி. அவ்வளவுதான். சட்டையக் கழட்டி விட்டுடணும் (இல்லன்னா மூணு சட்டை).

முதல்ல எல்லாத்தையும் தரையில கொட்டினான். அப்புறம் டம்ளர்ல இருந்து டம்ளருக்கு. பாதி வெளிய போகும், அதப் பத்திக் கவலையே இல்ல. ஆனா வடிகட்டி வந்தப்பதான் கூத்து. சொம்புல இருந்து வடிகட்டிக்குள்ள ஊத்தறான். பார்க்கறான், தண்ணியக் காணோம். திரும்ப ஊத்தறான். காணோம். வடிகட்டியத் தலைகீழாக் கவுத்து அடியில பார்க்கறான். விரல விட்டு வலையத் தடவறான். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்க, நான்தான் குடிச்சிட்டேன்னு முடிவே பண்ணிட்டான்!

சொல்லிக் கொடுக்க நாக்கு துறுதுறுன்னுது. வாய மூடிக்கிட்டு இருந்தேன். ரொம்ப நாள் கழிச்சு ஒருநாள் அவனே வடிகட்டிய டம்ளர் மேல வெச்சு ஊத்தினான். டம்ளர் நிறைஞ்சுது. அவன் கத்தின கத்துல கீழ் வீட்டு அக்கா “என்னாச்சும்மா?”ன்னு படியேறி வந்துட்டாங்க.

தண்ணி வீணாகுதேன்னு கேப்பீங்க. நியாயம். 2019 கோடையில லாரிக்குக் குடத்தோட காத்துக் கிடந்த ஊர் இது, மறக்குமா? அந்தத் தாம்பாளத் தண்ணியிலயேதான் எங்க வீட்டுத் தரை துடைக்கறது.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். தண்ணி விளையாட்டுன்னா நீங்க பக்கத்துலயே இருக்கணும். போன் வந்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி. இந்த வயசுப் பிள்ளைக்குத் தலை கனம், பக்கெட்டுக்குள்ள குப்புற விழுந்தா நிமிரத் தெரியாது. சில அங்குலத் தண்ணியே போதும் விபரீதத்துக்கு. நம்ம வீடுகள்ல டிரம், பக்கெட், அண்டான்னு பிடிச்சு வெச்சிருப்போம் இல்லையா, அதுக்கெல்லாம் மூடி வேணும். சம்ப் மூடிக்குப் பூட்டு வேணும். இதுல மட்டும் நான் ஜோக் அடிக்க மாட்டேன்.

இப்ப இந்த ஊத்தி விளையாடறதுக்கு “மாண்டிசோரி ஆக்டிவிட்டி”ன்னு பேரு. ரெண்டு சின்ன ஜக்கு ஒரு மரத் தட்டுல வெச்சு விக்கறாங்க, விலையப் பார்த்தா மயக்கம் வரும்.

அந்தம்மா, அதாங்க மரியா மாண்டிசோரி, 1907-ல ரோம்ல சான் லொரென்சோங்கற ஏழைங்க குடியிருப்புலதான் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தாங்க. வேலைக்குப் போற அப்பா அம்மாவோட பிள்ளைங்களுக்கு. பணக்காரப் பள்ளிக்கூட சமாச்சாரமே கிடையாது. அப்புறம் அவங்க நம்ம சென்னைக்கே வந்தாங்க, தெரியுமா? 1939 நவம்பர். அடையாறு தியசாபிகல் சொசைட்டியில அருண்டேலும் ருக்மிணி தேவியும் கூப்பிட்டு, டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்க. வந்த இடத்துல மாட்டிக்கிட்டாங்க. உலகப் போர். 1940 ஜூன்ல இத்தாலி எதிரி நாடாயிடுச்சு, பிரிட்டிஷ்காரன் மகன் மரியோவைப் பிடிச்சு உள்ள வெச்சுட்டான். அவங்க 70-வது பிறந்தநாளுக்குத்தான் (ஆகஸ்ட் 31) மகன விட்டான். அப்புறம் 1946 வரைக்கும் இந்தியாவுலயேதான் இருந்தாங்க, கொஞ்ச காலம் கொடைக்கானல்ல.

அவங்க சொன்னதுல பாதி என்ன? ஊத்தறது, துடைக்கறது, பெருக்கறது, பட்டன் போடறது. வீட்டு வேலை! அதுவும் பொம்மைச் சாமான் வேணாம், கைக்கு அடங்கற நிஜச் சாமானாக் கொடு, உடையற பொருளா இருந்தாலும் கொடு, அப்பதான் பத்திரமாப் பிடிக்கக் கத்துக்கும்னாங்க. அதப் படிச்சப்ப எங்க அத்தை கேட்டாங்க, “இதச் சொல்ல இத்தாலில இருந்தா வரணும்?”

அத்தைக்கு எப்பவும் கடைசி வார்த்தை அவங்களோடதா இருக்கணும்.

அடுத்தது டப்பா.

நம்ம வீட்டு எவர்சில்வர் டப்பா செட்டு இருக்கே, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற அடுக்கு, அதை மொத்தமா கூடத்துல இறக்கிடுவேன். மூடி தனியா, டப்பா தனியா. எந்த மூடி எதுக்குன்னு அவன் கண்டுபிடிக்கணும். மாண்டிசோரி பள்ளியில மரக் கட்டை உருளைங்க வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணும் அதோட குழியிலதான் உட்காரும். தப்புன்னு டீச்சர் சொல்ல வேணாம், கட்டையே சொல்லிடும். இங்க மூடி சொல்லுது. பெரிய மூடி சின்ன டப்பா மேல வழுக்கும். சின்ன மூடி உள்ள விழுந்துடும். சரியான மூடி மட்டும்தான் “டொக்”குங்கும். அந்த டொக்குக்காக அரை மணி நேரம் உட்கார்றான். இதே பையன்தான் சோத்துக்கு அரை நிமிஷம் உட்கார மாட்டான்.

(அஞ்சறைப்பெட்டியும் கொடுத்துப் பார்த்தேன், காலி பண்ணிட்டுத்தான். சுத்தி 6, நடுவுல 1, எல்லாக் கிண்ணமும் ஒரே சைஸ். அதனால எங்க வெச்சாலும் உட்காரும், சவாலே இல்ல. ஆனா கடுகு வாசனைக்காக மோந்து பார்த்துட்டே இருந்தான். வெந்தயத்துக்கு மூஞ்சிய சுளிச்சான்.)

இதுல பெரியவங்களுக்குத்தான் கஷ்டம். அவன் மூடியத் தலைகீழா வெச்சு அமுக்கறான், அமுக்கறான், போகல. அத்தை பொறுக்க மாட்டாம, “இப்படித் திருப்பணும்டா ராஜா”ன்னு திருப்பி டொக்குன்னு மூடிட்டாங்க. வீடு ரெண்டாச்சு. அழுதழுது அந்த மூடியத் திரும்பத் திறக்க வெச்சு, பழையபடி தலைகீழா வெச்ச பிறகுதான் அடங்கினான். டப்பா மூடியாகணும்னு அவனுக்கு ஒண்ணும் அவசரமே இல்ல. மூடற வேலை அவனோடதா இருக்கணும், அவ்வளவுதான்.

அதே மாதிரி இன்னொரு வியாதி, விளையாடற பிள்ளைகிட்ட கேள்வி கேக்கறது. “இது என்ன கலர்? எத்தன இருக்கு? ஏ ஃபார்?” ஏங்க, நீங்க காபி குடிக்கறப்ப மேனேஜர் வந்து “இதுல எத்தன ஸ்பூன் சக்கரை?”ன்னு கேட்டா எப்படி இருக்கும்? வேணும்னா அவன் பண்றதச் சொல்லுங்க. “ஓ, பெரிய மூடி வெச்சியா, வழுக்கிடுச்சா.” போதும். பேச்சு அதுலயே வந்துடுது.

காய்கறி வாங்கிட்டு வந்தா பையைக் கவுத்து அவன் முன்னாடி வெச்சுடுவேன். உருளைக்கிழங்கு ஒரு கூடை, பெரிய வெங்காயம் ஒரு கூடை. எடுத்துப் போடுவான். நடுவுல ஒரு வெங்காயம் கிழங்குக் கூடையில விழும், எடுத்து மாத்துவான் (மாத்தாமலும் இருப்பான், சாம்பார் ஒண்ணும் கோவிச்சுக்காது). முருங்கைக்கீரை ஆயறது இன்னும் பிரமாதம். ஒவ்வொரு இலையா ரெண்டு விரலால கிள்ளி இழுக்கறான். பின்னாடி பென்சில் பிடிக்கப் போற அதே ரெண்டு விரல்தான். கீரை ஆஞ்சு முடிய நேரமாகும், கால்வாசி காம்போடதான் வரும். அவசரச் சமையலன்னிக்கு இது வேண்டாம்.

ஆனா பயறு, கடலை, புளியங்கொட்டை கொடுக்காதீங்க. இன்டர்நெட்ல எல்லாரும் கிண்ணத்துல பயறு போட்டுக் கொடுத்து அழகா வீடியோ எடுக்கறாங்க. எனக்குத் தெரிஞ்ச வீட்டுல ஒரு குட்டி பச்சைப்பயறை மூக்குல போட்டுக்கிச்சு. ஈரத்துல ஊறி அது உப்பிடுச்சு. ராத்திரியில ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். ஒரு அளவு வெச்சுக்கலாம்: சுமாரா 3.2 சென்டிமீட்டர் அகலத்துக்குள்ள அடங்கற எதுவும் 3 வயசு முடியற வரைக்கும் வேண்டாம். பொம்மைக் கம்பெனிங்க சோதிக்கற உருளையோட அளவு அதுதான். அதனால கோலிக்குண்டு, சோழி, பல்லாங்குழி எல்லாம் பரண்லயே இருக்கட்டும். ரிமோட்ல, பாட்டுப் பாடற பொம்மையில இருக்கற பட்டன் பேட்டரி இன்னும் மோசம். முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயைப் பொசுக்க ஆரம்பிச்சுடும். மூடி ஸ்க்ரூ போட்டு டைட்டா இருக்கான்னு இப்பவே எழுந்து போய்ப் பாருங்க. நான் வெயிட் பண்றேன்.

பார்த்தாச்சா? சரி.

என் சொந்த ஆராய்ச்சிக்கு வரேன். (ஆராய்ச்சின்னா, கட்டில்ல படுத்துக்கிட்டு யோசிச்சது.)

பிள்ளைத்தமிழ்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, ஞாபகம் இருக்கா? 10 பருவம். அப்ப மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினேன். இப்ப ஒரு பிள்ளையப் பெத்துட்டு எடுத்துப் பார்த்தா, இது அப்படியே வளர்ச்சிக் கணக்கு! செங்கீரை: 5-ம் மாசம், தலையத் தூக்கி ஆட்டறது. சப்பாணி: 9-ம் மாசம், கை தட்டறது. வாரானை: ஒரு வயசு வாக்குல, வா வான்னு கூப்பிட நடந்து வர்றது. அம்புலி: நிலாவக் கைகாட்டிக் கூப்பிடறது. அப்புறம் ஆம்பளைப் பிள்ளைக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர். பொம்பளைப் பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். பின்னாடி வர்ற பருவங்களுக்கு மாசக் கணக்கு, பாட்டியல்னு சொல்ற இலக்கண நூல்கள்ல ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் மாறும், ஆனா வரிசை அச்சு அசலா இருக்கு. முழு நூலா முதல்ல பாடினது ஒட்டக்கூத்தர், குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ், 12-ம் நூற்றாண்டு. ராஜாவைக் குழந்தையா நினைச்சுப் பாடினதுதான், ஆனா யாரோ ஒரு அம்மா பக்கத்துல உட்கார்ந்து கவனிச்சுச் சொல்லாம இந்த வரிசை வந்திருக்காதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

எங்க வீட்டுல இப்ப நடக்கறது சிறுபறைப் பருவம். கரண்டி, கடாய். காலைல 6 மணிக்கு. மேல் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு அப்பதான் வந்து படுத்திருப்பார். அதனால கடாயை வாங்கிட்டு அட்டைப்பெட்டி கொடுத்தேன், கொஞ்சம் சத்தம் குறையும். ஆனா பிளாஸ்டிக் டப்பா, பித்தளைச் சொம்பு, தலையணைன்னு ஒவ்வொண்ணா அவனே தட்டிப் பார்த்துட்டு, தலையணைகிட்ட மட்டும் நின்னு யோசிச்சான். ஏன் கத்த மாட்டேங்குது இது?

சிற்றில் இன்னும் தமாஷ். அந்தப் பாட்டுல பொண்ணுங்க மணல்ல வீடு கட்டுவாங்க, பையன் வந்து காலால எத்தி அழிப்பான், அழிக்காதேன்னு கெஞ்சுவாங்க. நான் டம்ளரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கறேன், இவன் ஓடி வந்து ஒரே தட்டு. திரும்ப அடுக்கறேன், தட்டறான். “கட்டவே மாட்டேங்கறானே, இடிக்க மட்டும் தெரியுதே”ன்னு எங்க வீட்டுக்காரர் கவலைப்பட்டார். இடிக்கறதுதாங்க முதல்ல வரும். அடுக்கறது அப்புறம். ஒட்டக்கூத்தரைக் கேளுங்க.

சிறுதேர், அதாவது நடைவண்டி. இது பிள்ளைத்தமிழுக்கும் முந்தின சமாச்சாரம். பட்டினப்பாலையிலயே பூம்புகார்ப் பிள்ளைங்க குதிரை இல்லாம உருட்டற மூணு கால் சிறுதேர் வருது. முத்தத்துல நெல்லு காயுது, அதைத் தின்ன வர்ற கோழிய விரட்ட பொம்பளைங்க காதுல இருக்கற கனமான குழையைக் கழட்டி எறியறாங்க, அது அந்தச் சிறுதேருக்கு வழியில தடையாக் கிடக்குதாம். (கோழிய விரட்டத் தோடு! எங்க அம்மா கேட்டா மயக்கம் போட்டிருப்பாங்க.) எங்களோட மூணு சக்கர மர வண்டி மாங்காடு கோயில் பக்கத்துக் கடையில வாங்கினது. ஒரு வயசு வாக்குல அதைப் பிடிச்சுத்தான் நடந்தான். இப்ப அதுல துணி கிளிப்பும் உருளைக்கிழங்கும் ஏத்திக் கூடத்துல இருந்து அடுப்படிக்கு லோடு அடிக்கறான்.

உள்ள உட்கார வைக்கற வாக்கர் மட்டும் வாங்காதீங்க. சொந்தக்காரங்க கிஃப்டாக் கொடுத்தா சிரிச்சுட்டே வாங்கி மேல போட்டுடுங்க. கனடாவுல 2004-லயே விக்கறதையே தடை பண்ணிட்டாங்க, படியில உருண்டு விழுந்த பிள்ளைங்க அவ்வளவு பேர். நடக்கவும் அது சொல்லிக் கொடுக்கறதில்ல. நடைவண்டியில பிள்ளை தன் கால்ல நின்னு தள்ளணும், வாக்கர்ல தொங்கிக்கிட்டே போகும்.

வெளியில போக முடியலயா? எங்க வீட்டு வாசல்ல நின்னா ட்ரங்க் ரோடு தெரியும். மேல மெட்ரோ பாலம், கீழ 54, 154. சிவப்பு பஸ், முகத்துல பிங்க் அடிச்ச பஸ், தண்ணி லாரி. அவன் முதல்ல சொன்ன கலர் பிங்க்தான், “பிங்க் பஸ்!” (அம்மாவுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸுன்னு இப்பவே தெரிஞ்சு வெச்சிருக்கான்.) சாயங்காலம் மொட்டைமாடியில பழைய பெயின்ட் பிரஷ்ஷும் ஒரு கப் தண்ணியும். சுவர் முழுக்க அடிப்பான். அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள இந்தக் கோடி காஞ்சிருக்கும். திரும்ப வருவான். சம்பளம் வாங்காத பெயின்டர்.

போன் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது: 1 வயசுப் பிள்ளைக்கு ஸ்க்ரீனே வேண்டாம், 2 வயசுல அதிகபட்சம் 1 மணி நேரம், குறைஞ்சா இன்னும் நல்லது. நம்ம நாட்டுக் குழந்தை டாக்டருங்க சங்கமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது, வீடியோ கால்ல தாத்தா பாட்டிகிட்ட பேசறதுக்கு மட்டும் விலக்கு. எங்க வீட்டுல நகம் வெட்டற நேரத்துக்கு அந்த விலக்கைத்தான் நல்லாப் பயன்படுத்தறோம். மதுரையில இருந்து எங்கம்மா போன்ல வந்து, தன் உள்ளங்கையில முழங்கையால பருப்பு கடைஞ்சு காட்டுவாங்க, விரல் விரலாச் சோறு ஊட்டுவாங்க, அப்புறம் நண்டு கிளம்பும். இங்க நண்டு ஓட்டறது என் கை. நண்டு முழங்கை தாண்டும்போதே அவன் உடம்பு சுருங்கும், அக்குளுக்கு வர்றதுக்கு முன்னாடியே சிரிச்சு முடிச்சிருப்பான். அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சு காத்திருக்கறான் பாருங்க, கதை கேக்கறதே அங்கதான் ஆரம்பம்னு எனக்குத் தோணுது.

இன்னொண்ணு, அங்கன்வாடி. நம்ம மாதிரி ஆளுங்க அந்தப் பக்கமே திரும்பறதில்ல, முட்டையும் சத்துமாவும் தர்ற இடம்னு நினைச்சுக்கறோம். தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கும் மேல இருக்கு. அங்க “ஆடிப்பாடி விளையாடு பாப்பா”ன்னு பாடத்திட்டமே வெச்சிருக்காங்க. ஒரு தடவை உள்ள போய் உட்கார்ந்து பாருங்க. கதை, பாட்டு, ஓலை, அட்டைன்னு அந்த டீச்சருங்க இருக்கறத வெச்சுப் பண்றதப் பார்த்துட்டு அந்த கிட்டோட விலையை நினைச்சா சிரிப்பு வரும்.

கடைசியா மாவு, ஏன்னா நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

கடையில விக்கற களிமண் வேண்டாம், சப்பாத்தி மாவே போதும். வீடியோவுல மைதாவுல அரை கப் உப்பு போடச் சொல்வாங்க, கெடாம இருக்கும்னு. வாயில வெக்கற வயசுல அவ்வளவு உப்பு உள்ள போனா நல்லதில்ல. உப்பு இல்லாம சும்மா கோதுமை மாவு, கொஞ்சம் எண்ணெய். ஒரு உருண்டைக்கு பீட்ரூட் சாறு, ஒண்ணுக்குக் கீரைச் சாறு, ஒண்ணுக்கு மஞ்சள். அன்னிக்கே தூக்கிப் போட்டுடலாம். குட்டிப் பூரிக்கட்டை இருந்தா கொடுங்க, இல்லன்னா டம்ளர் விளிம்பால வட்டம் வெட்டட்டும். எங்க ஆளு வட்டம் வெட்டி, அதைச் சுருட்டி, திரும்ப உருட்டி, அப்பா தட்டுல கொண்டு போய் வெப்பான். சாப்பிடற மாதிரி நடிக்கலன்னா அடி விழும்.

மஞ்சள் உருண்டை மட்டும் ஜாக்கிரதை. அந்தக் கையோட இவர் வெள்ளைச் சட்டையைப் பிடிச்சுட்டான். இவர் பதறிப்போய்ச் சோப்பு போட்டுத் தேய்ச்சார், பளிச்சுன்னு செவப்பாயிடுச்சு! ரத்தம்னு நினைச்சு இன்னும் பதறினார். அத்தை உட்கார்ந்த இடத்துலயே சிரிக்கறாங்க, “ஆரத்தி கரைச்சுட்டியாடா?” மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்தா செவக்குதே, சோப்புலயும் அதே காரத்தன்மைதான். நல்லா அலசினா திரும்ப மஞ்சளாயிடும். அப்புறம் ஈரத்தோட நேரா வெயில்ல போடுங்க, மஞ்சள் சாயத்துக்கு வெயில் ஆகாது. மார்கழியில கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும். சித்திரையா இருந்தா, நம்ம ஊர் மொட்டைமாடியில, கவலையே படாதீங்க.